பக்கத்துக் கல்

பஸ் பேரளியைத் தாண்டி வேகம் எடுக்கும்போது வெற்றிச்செல்வி முதல் வரியை எழுதி முடித்திருப்பாள். உட்கார இடம் கிடைக்காத நாட்கள்தான் அதிகம். இடது தோளைக் கம்பியில் சாய்த்து, சாப்பாட்டுப் பையை இரண்டு கால்களுக்கும் நடுவே நிறுத்திக்கொண்டு, ஒரே கட்டைவிரலால் தட்டுவாள். அவளுடைய செல்போன் கண்ணாடியில் மேலிருந்து கீழாக ஒரு கீறல் உண்டு. எழுத்துகள் அந்தக் கீறலைக் கடக்கும் இடத்தில் கொஞ்சம் உடைந்து தெரியும். கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"டீச்சரம்மா கத எழுத ஆரம்பிச்சுட்டாங்க. யாரும் இடிக்காதீங்க," என்பார் கண்டக்டர் கொளஞ்சியப்பன்.

"நான் டீச்சர் இல்லண்ணே. இது கதையும் இல்ல."

"தெரியும். சொல்றப்ப நல்லாருக்குல்ல."

தினமும் இதே பேச்சுதான். சிரிப்பு தீர்ந்துபோய் ரொம்ப நாளாகிறது. ஆனாலும் ஒரு நாள் அவர் அதைச் சொல்லாமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனால், அவருக்கு வீட்டில் ஏதோ பிரச்சினை என்று அவள் புரிந்துகொள்வாள்.

வெற்றிச்செல்விக்கு நாற்பத்து நான்கு வயது. பெரம்பலூர் துறைமங்கலத்தில் வீடு. அரியலூர் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆய்வக உதவியாளர் வேலை. சோதனைக் குழாய்களைக் கழுவுவது, கரைசல் கலக்குவது, செய்முறைத் தேர்வு நாளில் உப்புப் பொட்டலங்களுக்கு எண் போடுவது எல்லாம் அவள் பொறுப்பு. "எட்டாம் நம்பர் என்ன உப்புக்கா, முதல் எழுத்து மட்டும் சொல்லுங்க" என்று பிளஸ் டூ பெண்கள் கெஞ்சுவார்கள். "மூஞ்சியப் பாத்துச் சொல்லக் கூடாது, குழாயப் பாத்துச் சொல்லு" என்பாள். இருபது வருஷமாக ஒரே பதில்.

சில்வர் நைட்ரேட் பட்டு அவள் விரல் நுனிகளில் கறுப்புக் கறை படிந்திருக்கும். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். "மருதாணி ரொம்பக் கருத்துப்போச்சே" என்று பஸ்ஸில் யாராவது கேட்டால், "ஆமாங்க, கொஞ்ச நேரம் கூட வச்சுட்டேன்" என்று முடித்துவிடுவாள். விளக்குகிற தெம்பு சாயங்காலத்தில் யாருக்கு இருக்கிறது?

அவள் பையில் சாப்பாட்டு டப்பா, குடை, ஒரு கைக்குட்டை, அப்புறம் ஒரு சின்னக் கண் மருந்து பாட்டில். பாட்டிலில் இருப்பது கண் மருந்து இல்லை. தண்ணீர் கலந்து பலம் குறைத்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மேலே சிவப்பு மையால் 'கண்ணில் விடாதே' என்று எழுதி ஒட்டியிருப்பாள். சில பெண்கள் பையில் விபூதிப் பொட்டலம் வைத்திருப்பது போல இவளிடம் இது. எந்தக் கல்லைப் பார்த்தாலும் அதன் மேல் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும் அவளுக்கு.

ஊரடங்கு வருஷத்தில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோதுதான் அவள் வலைப்பதிவு தொடங்கினாள். பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள். பி.எட். சேர விண்ணப்பம் வாங்கி வைத்த வருஷம் கல்யாணம் ஆகிவிட்டது. விண்ணப்பம் டிரங்குப் பெட்டியில் இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. படித்த படிப்பு உள்ளுக்குள் எங்கேயோ புழுங்கிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். பதிவுக்கு 'ஒளியாண்டு' என்று பெயர் வைத்தாள். முதல் கட்டுரை கருந்துளையைப் பற்றி. ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினாள். பார்த்தவர்கள் ஏழு பேர் என்று காட்டியது. அதில் நான்கு முறை, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று அவளே திறந்து பார்த்தது.

ஒரு முறை அவள் கணவன் தமிழ்மாறன். சிமெண்டுத் தூள் ஏற்றிப் போகும் பல்கர் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் மூன்று நாள் வீட்டில் இருந்தால் அதிகம். இருக்கிற நாளிலும் கண் இமைகளில் சாம்பல் நிறத் தூள் ஒட்டியிருக்கும். முழுக்கப் படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்க," என்றான். "ஆனா உள்ள போனது எதுவும் திரும்பி வராதுன்னு எழுதியிருக்கியே. அப்ப உள்ள என்னா இருக்குன்னு யாரு வந்து சொன்னது?"

இரண்டு நாள் அவனோடு பேசவில்லை அவள். மூன்றாவது நாள், தன் கட்டுரையைப் பற்றி இந்த உலகத்தில் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான் என்று தோன்றியது. அதையே அடுத்த கட்டுரையாக எழுதினாள். பத்தொன்பது பேர் படித்தார்கள்.

அப்படியே ஒன்றரை வருஷம் வானத்தைப் பற்றி எழுதினாள். செவ்வாயில் தண்ணீர், நிலாவின் மறுபக்கம், வால் நட்சத்திரம். பிறகு வாலிகண்டபுரத்திலிருந்து வேம்பு என்ற பெண் ஒரு பின்னூட்டம் போட்டாள். 'செவ்வாய்ல தண்ணி இருக்கட்டும்க்கா. எங்க வூட்டுக் கொடத்துல அடியில வெள்ளையா கல்லு மாதிரி புடிக்குதே, தேய்ச்சாலும் போவ மாட்டேங்குது. அது என்னா? குடிச்சா ஒண்ணும் செய்யாதா?'

வெற்றிச்செல்வி எழுந்து போய்த் தன் வீட்டுக் குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள். அதே வெள்ளை. ஒரு சொட்டு அமிலம் விட்டாள். புசுபுசுவென்று பொங்கியது. சுண்ணாம்பு. போர்த் தண்ணீரில் கரைந்து வருகிற கால்சியம் கார்பனேட். அதை அப்படியே எழுதினாள். புளி போட்டுத் தேய்த்தால் ஏன் போகிறது என்பதையும் எழுதினாள். குடித்தால் என்ன ஆகும் என்பதை ஒரே வரியில் சொல்ல முடியாது, டாக்டரைக் கேளுங்கள் என்றும் எழுதினாள். தொள்ளாயிரம் பேர் படித்தார்கள்.

ஒளியாண்டு வானத்திலிருந்து இறங்கி அடுப்படிக்கு வந்தது அப்படித்தான். கறிவேப்பிலை இலையில் படியும் தூசி எது, அரியலூர் பக்கம் சாயங்கால வானம் ஏன் அத்தனை சிவப்பு, சேமித்து வைக்கும் பட்டறையில் சின்ன வெங்காயம் ஏன் நடுவிலிருந்து அழுகுகிறது. கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. அவளுக்கு உள்ளூர ஒரு வருத்தம் இருந்தது. "நட்சத்திரத்துக்கு வச்ச பேரு. அத வச்சுக்கிட்டுப் பாத்திரம் தேய்க்கிறேன்," என்று தமிழ்மாறனிடம் சொன்னாள். அவன் தூங்கிவிட்டிருந்தான்.

தமிழ்மாறனின் சொந்த ஊர் வெள்ளோடைப்பட்டி. பஸ் போகும் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே. ஊருக்குக் கிழக்கே ஒரு காய்ந்த ஓடை. மழை பெய்தால் இரண்டு நாள் ஓடும், மற்ற நாளெல்லாம் வெள்ளை மண்ணும் கல்லுமாகக் கிடக்கும். தமிழ்மாறனின் அண்ணன் மாயவன் அங்கேதான் ஆடு மேய்க்கிறார். அவருடைய அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம். யார் பெயரிலும் பட்டா கிடையாது. ஊரில் அந்தத் தெருவுக்கே நிலம் என்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்த ஓடைப் புறம்போக்கு ஒன்றுதான். அதையொட்டிய காட்டை ஏற்கெனவே ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கம் எடுத்திருந்தது. அடுத்து ஓடைக்கும் கேட்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தபோது மாயவன் தன் துண்டை அவிழ்த்து ஐந்து உருண்டைக் கற்களை வாசலில் உருட்டிவிட்டார். ஒவ்வொன்றும் மாதுளம்பழம் அளவு. ஒரு பக்கம் நன்றாகக் கூம்பியிருந்தது.

"இந்தா செல்வி, நீ எல்லாத்துக்கும் சொட்டு மருந்து வுடுவியே, இதுக்கு வுடு. அச்சு அசல் முட்ட மாதிரியே இருக்கு. ஓடையில கூட்டமா கெடக்குது."

சொட்டு விட்டாள். பொங்கியது. உள்ளே ஓடிப்போய் இருசம்மாள் குப்பையில் போட்டிருந்த கோழி முட்டை ஓட்டை எடுத்து வந்து அதன் மேலும் விட்டாள். இருசம்மாள் மாயவனின் மனைவி. இவளுக்கு அக்கா முறை. "முட்ட ஓட்டுக்கு எதுக்குடி மருந்து, அதுக்கு என்னா சீக்கு" என்று சிரித்தாள். முட்டை ஓடும் பொங்கியது. கல்லும் ஓடும் ஒரே மாதிரி, ஒரே சத்தத்தோடு. அந்தச் சுற்றுவட்டாரம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது, அந்தக் காலத்து உயிர்களின் மிச்சம் மண்ணுக்குள் இருக்கிறது என்று எல்லாரும் கேள்விப்பட்டிருந்தார்கள். வெற்றிச்செல்வி இருபது வருஷமாக அடுத்தவர் செய்யும் சோதனைக்குக் குழாய் கழுவிக் கொடுத்தவள். இது அவளே செய்த சோதனை.

அன்று சாயங்காலமே எழுதினாள். 'வெள்ளோடைப்பட்டி ஓடையில் டைனோசர் முட்டைகள்.'

ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேர். யார் யாரோ பகிர்ந்தார்கள். டிவிக்காரர்கள் வந்தார்கள். மாயவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஓடைக்கரையில் நின்று பேசினார். திரையின் அடியில் அவர் பெயரும் ஊரும் ஓடின. ரேஷன் கார்டில் கூட அவர் பெயர் பிழையாகத்தான் இருக்கும். இங்கே சரியாக இருந்தது. அதைச் செல்போனில் எத்தனை தடவை போட்டுப் பார்த்தார் என்று இருசம்மாளுக்குத்தான் தெரியும். இருசம்மாள் பெரிய கல்லாகப் பார்த்து மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். அடுத்த வாரம் சூடமும் ஏற்றினாள்.

அதற்கு நாலு மாதம் கழித்து ஓடையின் மேல் சுரங்கம் வருவது உறுதியானது. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். ஊர் மனு எழுதியது. 'எங்கள் ஓடையில் உலகமே பார்க்க வேண்டிய டைனோசர் முட்டைகள் உள்ளன' என்பது மனுவின் முதல் வரி. வெற்றிச்செல்வியின் கட்டுரை மூன்று தாளில் அச்செடுக்கப்பட்டு மனுவோடு சேர்த்துக் குத்தப்பட்டது. வேறு ஆதாரம் எதுவும் அவர்களிடம் இல்லை.

கூட்டம் வியாழக்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை, திருச்சியில் நிலவியல் படிக்கிற சிந்து என்ற மாணவி எழுதியிருந்தாள். மரியாதையான, சின்னக் கடிதம். 'அக்கா, உங்கள் குடத்துக் கட்டுரையைப் படித்துத்தான் நான் இந்தப் பாடத்தையே எடுத்தேன். தப்பாக நினைக்காதீர்கள். முட்டையும் கல்லும் பொங்கியது சரி. அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் கிடந்த சாதாரணக் கல்லில் விட்டுப் பார்த்தீர்களா?'

வெற்றிச்செல்வி கையில் பிடித்திருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். விட்டுப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போனாள். ஓடையில் இறங்கி, முட்டைக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்த சப்பைக் கல்லில் ஒரு சொட்டு. பொங்கியது. இன்னொரு கல். பொங்கியது. கைப்பிடி மண்ணை அள்ளி அதன் மேல் விட்டாள். மண்ணும் பொங்கியது. மாயவன் ஆடுகளை விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தார். அவள் ஊருக்குள் வந்தாள். ஓடைக் கல்லால் கட்டிய மாட்டுக் கொட்டகைச் சுவர், இருசம்மாளின் குடத்து அடி, எல்லாம் பொங்கின. இந்த மண்ணில் எதன் மேல் விட்டாலும் பொங்கும். இது சுண்ணாம்பு நாடு. வேம்புவின் குடத்துக்குப் பதில் எழுதியவளே அவள்தான். தான் எழுதியதைத் தானே மறந்துவிட்டு, கோழி முட்டையைத் தேடி ஓடியிருக்கிறாள்.

"மாமா, சுத்தியல் இருக்கா?"

மஞ்சள் பூசாத ஒரு உருண்டையை எடுத்து உடைத்தாள். உள்ளே வெங்காயம் போல அடுக்கடுக்காக இருந்தது. நட்டநடுவில் நகக்கண் அளவு ஒரு கடல் சிப்பி. சிப்பியைச் சுற்றிச் சுண்ணாம்பு மெதுவாகச் சேர்ந்து சேர்ந்து உருண்டையானது. கடலின் அடியில் எந்த டைனோசரும் வந்து முட்டை இடாது.

"முட்ட இல்ல மாமா. பக்கத்துக் கல்லையும் அன்னிக்கே பாத்திருக்கணும். நான் பாக்கல."

மாயவன் உடைந்த இரண்டு பாதிகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். சேரத்தான் செய்தன.

"அப்ப நீ எழுதுனது பொய்யா?"

"பொய் இல்ல மாமா. தப்பு."

"மனுவ வாங்குறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவர் திண்ணையில் உட்கார்ந்தார். கோபப்படுகிற ஆள்தான்; அன்று கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நாலு நாளு பொறுத்துக்க செல்வி. வியாழக்கெழம கூட்டம் முடியட்டும். வெள்ளிக்கெழம நீ என்னா வேணும்னாலும் எழுது. நான் ஏன்னு கேக்க மாட்டேன். நாலே நாளு."

நியாயமான வேண்டுகோள். உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ தப்புகளை ஆயுசு முழுக்க வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள். அவர் கேட்டது நான்கு நாள். அவள் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இருசம்மாள் போட்ட டீயைக் குடிக்காமல் பஸ் ஏறினாள்.

திங்கள் இரவு தமிழ்மாறன் வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான்.

"நீங்க என்னா சொல்றீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல. அந்தப் பக்கம் எங்கண்ணன். இந்தப் பக்கம் நீ. நான் ஏத்திக்கிட்டுப் போறது அந்தக் கல்லோட பொடி." தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தவன், "அவங்க ஆளுங்கள்ல கல்லு படிச்சவன் இருப்பான்ல?" என்று மட்டும் கேட்டான்.

"இருப்பாங்க."

"அவன் கூட்டத்துல வச்சு ஒடைச்சுக் காட்டுனா?"

அந்தக் கேள்வியோடுதான் செவ்வாய்க்கிழமை போயிற்று. எல்லார் எதிரிலும், மைக் முன்னால், மாயவனின் கையிலிருந்து அந்தக் கல்லை வாங்கி ஒருவன் சிரித்துக்கொண்டே உடைப்பது அவள் கண் முன்னால் வந்து வந்து போனது. அது நடக்காமலும் போகலாம். யாரும் கவனிக்காமல் மனு ஏற்றுக்கொள்ளப்படலாம். இரண்டுக்கும் வாய்ப்பு இருந்தது. எந்தத் தட்டு கனம் என்று அவளால் நிறுக்க முடியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது: வேறெதையும் அவளால் எழுத முடியவில்லை. மூன்று நாளாகக் கட்டைவிரல் திரையின் மேல் நின்றுகொண்டே இருந்தது.

புதன்கிழமை காலை, பஸ் பேரளியைத் தாண்டியதும் எழுதினாள். 'வெள்ளோடைப்பட்டியில் இருப்பவை முட்டைகள் அல்ல. நான் தவறு செய்தேன். எங்கே தவறினேன் என்பதைச் சொல்கிறேன்.' சிப்பியைப் பற்றியும் எழுதினாள். இந்த ஓடை கடலின் அடித்தரையாக இருந்தது, அதுவே பாதுகாக்க வேண்டியதுதான் என்றும் எழுதினாள். வெளியிடும் பொத்தானை அழுத்த மூன்று நிறுத்தங்கள் ஆயின. "என்னா டீச்சரம்மா, இன்னிக்குக் கதையில யாராச்சும் செத்துட்டாங்களா? மூஞ்சி இப்பிடி இருக்கு," என்றார் கொளஞ்சியப்பன். அவள் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அவள் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுக் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றாள். மேடையில் அதிகாரிகள், ஓரத்தில் சுரங்கத்தின் ஆட்கள். அவர்கள் முன்னால் மேசையில் ஒரு சின்னச் சுத்தியல் இருந்தது. மாயவன் அதே வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் இருந்தார். மடியில் துண்டு மூட்டை. உள்ளே என்ன இருக்கிறது என்று மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தெரியும்.

அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தார். மூட்டையை அவிழ்க்கவில்லை. அதை இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"முட்டன்னு மனுவுல எழுதியிருந்தோம்ங்க. முட்ட இல்லன்னு எங்க வூட்டுப் புள்ளையே எழுதிடுச்சு. அத வுட்டுருங்க. அந்த ஓடையில நூத்திப்பத்து ஆடு மேயுது. அது ஆடுதான்ங்க. எண்ணிப் பாத்துக்கலாம்."

அதற்குள் அடுத்தவர் பெயரை வாசித்துவிட்டார்கள். சுத்தியல் மேசையிலேயே இருந்தது. வெளியே போகும்போது மாயவன் அவளைக் கடந்துதான் போனார். முகத்தைத் திருப்பவில்லை, பார்க்கவும் இல்லை. எங்க வூட்டுப் புள்ள என்று அவர் சொன்னது குத்திக்காட்டியா, விட்டுக்கொடுக்காமலா என்று அவள் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

ஓடையின் வடக்குப் பாதியில் மஞ்சள் பூசிய எல்லைக் கல் நட்டுவிட்டார்கள். தெற்குப் பாதி இன்னும் கோப்பில் இருக்கிறது. முட்டை முட்டையாகவே இருந்திருந்தால் முழு ஓடையும் தப்பியிருக்குமா, அல்லது மொத்தமும் போயிருக்குமா, யாருக்கும் தெரியாது. அவளால்தான் போயிற்று என்று ஊர் முடிவு செய்துவிட்டது. அந்தப் பொங்கலுக்கு வெள்ளோடைப்பட்டியிலிருந்து கறி வரவில்லை. தமிழ்மாறன் தனியாக ஊருக்குப் போய்வந்தான். இருசம்மாள் மட்டும் அந்தக் கல்லுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசிக்கொண்டிருக்கிறாள் என்று கேள்வி. முட்டையாக இருந்தால்தான் சாமியா என்ன.

வலைப்பதிவின் பெயரை மாற்றினாள். இப்போது 'பக்கத்துக் கல்'. ஒவ்வொரு கட்டுரையின் கடைசியிலும் ஒரு பத்தி கட்டாயம் இருக்கும்: இதற்குப் பக்கத்தில் என்ன இருந்தது, அதையும் சோதித்தேனா. வேப்பிலைத் தூசியைப் பற்றி எழுதினால் சுரங்கத்திலிருந்து தள்ளி ரஞ்சன்குடிப் பக்கம் பறித்த வேப்பிலையின் தூசியும் அதில் வரும். படிக்க அவ்வளவு சுவாரசியமாக இராது. நூறு, நூற்றிருபது பேர் படிக்கிறார்கள். திருத்தத்தைப் படித்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

முட்டைக் கட்டுரையை அவள் அழிக்கவில்லை. தலையில் சிவப்பு எழுத்தில் 'இது தவறு' என்று போட்டிருக்கிறாள். அந்தச் சிவப்பு வரியை வெட்டிவிட்டு மற்றதை மட்டும் படம் பிடித்து இன்னும் யாராவது அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறார்கள். கண்ணில் படும் ஒவ்வொருவருக்கும் அவள் பதில் எழுதுகிறாள். 'வணக்கம். இதை எழுதியது நான்தான். இது தவறு.' வெட்டி ஒட்டுவதில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகத் தட்டுகிறாள். திரும்பி வரும் பஸ்ஸில் அதுதான் வேலை. சில பேர் திட்டுகிறார்கள். 'உனக்கு என்ன தெரியும், நீ யார் சொல்வதற்கு' என்று ஒருவர் கேட்டிருந்தார்.

"அழிச்சுட்டுப் போங்கம்மா. தினமும் எதுக்கு இந்தக் கஷ்டம்?" என்றார் வேதியியல் ஆசிரியர் ராஜதுரை, பியூரெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே.

"அழிச்சா நான் தப்பு பண்ணதும் சேந்து அழிஞ்சுடும் சார். அப்புறம் வேற யாராவது முட்ட ஓட்ட எடுத்துக்கிட்டு அதே ஓடைக்குப் போவாங்க."

"போனா போவட்டுமே."

"அங்க எங்க மாமா ஆடு மேய்க்கிறாரு சார்," என்றாள். அவருக்குப் புரியவில்லை. அவளும் விளக்கவில்லை, கழுவ வேண்டிய குழாய்கள் இரண்டு தட்டு நிறைய இருந்தன.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, வெயில் தாழ்ந்த நேரம். துணி மடித்துக்கொண்டிருந்தவள் வாசலில் நிழல் விழுந்ததைப் பார்த்து நிமிர்ந்தாள். மாயவன் நின்றார். பதினோரு மாதத்துக்குப் பிறகு. இளைத்திருந்தார். கேட்டைத் திறந்திருந்தார், படியேறவில்லை.

"வாங்க மாமா. உள்ள வாங்க."

"இருக்கட்டும். அஞ்சு மணி பஸ்ஸு இருக்கு."

செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணாந்து குடித்தார். செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டின் முனையை அவிழ்த்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கல்லை எடுத்துப் படிக்கட்டில் வைத்தார். ஒரு பக்கம் முழுக்க வரிவரியாகச் சுருள் ஓடியது.

"தெக்கு ஓடையில கெடந்துச்சு. என்னான்னு பாரு. இந்த மொற நான் எந்தப் பேரும் வெக்கல."

வெற்றிச்செல்வி உள்ளே போய்ப் பையிலிருந்து கண் மருந்து பாட்டிலை எடுத்து வந்தாள். இரண்டு கவரையும் பிரித்தாள். படியில் உட்கார்ந்து மூடியைத் திருகினாள். கல்லுக்கு நேராகக் கை போயிற்று. போன கை அந்தரத்தில் நின்றது. கேட்க வேண்டியதைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

மாயவன் சட்டைப் பையில் கையை விட்டார். பீடிக்கட்டைத் தள்ளிவிட்டு, அடியிலிருந்து ஒரு சப்பைக் கல்லை எடுத்தார். வரி கிடையாது, சுருள் கிடையாது. ஓடையில் ஆயிரம் கிடக்கும் வெறும் கல். அதை முதல் கல்லுக்கு ஒரு சாண் தள்ளி வைத்தார். கொஞ்சம் யோசித்து, இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தினார்.

வெற்றிச்செல்வி முதல் சொட்டை அதன் மேல் விட்டாள்.